தன்மையா, படர்க்கையா என்பது இரண்டாவது கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிதாகக் கதை எழுத வருகிறவர்களுக்காகத் தங்கள் ஞாயிறு இணைப்பிதழில் வெளியான வழிகாட்டிக் கட்டுரையைப் படித்தேன். கதைக்கரு, உரையாடல், நடை ஆகியவை பற்றி அதில் சொல்லப்பட்டவற்றோடு எனக்குப் பெரிய மாறுபாடு இல்லை. ஆனால் நோக்குநிலை, அதாவது கதையை யார் பக்கத்தில் நின்று சொல்வது என்பது பற்றிய பகுதி மூன்றே வரிகளில் தீர்ப்பை வழங்கிவிட்டது: தொடக்கத்தில் 'நான்' என்று எழுதுவது எளிது, கை பழகிய பின் 'அவன்', 'அவள்' என்று எழுதலாம், எல்லாம் அறிந்த கதைசொல்லியின் காலம் முடிந்துவிட்டது. இதழ்களுக்கும் போட்டிகளுக்கும் வருகிற சிறுகதைகளைத் தேர்வுக்காகத் தொடர்ந்து படித்து வருகிறேன் என்பதால், இந்த மூன்று வரிகளையும் அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. 'நான்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'அவன்' என்று எழுதியதால் கெட்டுப்போன கதைகள் குறைவு. கதையைச் சொல்கிறவருக்கு எவ்வளவு தெரியும், அது அவருக்கு எப்போது தெரிய வந்தது, அதை அவர் யாரிடம் சொல்கிறார் என்ற மூன்றையும் முடிவு செய்யாமலே முதல் வரியைத் தொடங்கிவிட்டதால் கெட்டுப்போனவையே மிகுதி.

இந்தக் கேள்விகளை நாம் வேறெங்கிருந்தும் இரவல் வாங்க வேண்டியதில்லை. தொல்காப்பியச் செய்யுளியல், செய்யுளின் உறுப்புகளை அடுக்கிச் சொல்லும்போது திணை, கைகோள் (களவு, கற்பு என்ற ஒழுக்கப் பிரிவு) ஆகியவற்றோடு கூற்று, கேட்போர், களன் என்பவற்றையும் தனித்தனி உறுப்புகளாகவே எண்ணுகிறது. பேசுகிறவர் யார் என்பதைப் போலவே, யாரிடம் பேசுகிறார், எங்கே பேசுகிறார் என்பதும் பாட்டின் உடம்பில் ஓர் அங்கம் என்ற புரிதல் அதில் இருக்கிறது. குறுந்தொகையின் 25ஆம் பாடலில் கபிலர் நிறுத்தும் தலைவியை நினைத்துப் பாருங்கள். தலைவன் தன்னோடு கூடிய நாளில் அங்கே வேறு யாரும் இல்லை, அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன், ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு தினைத்தாள் போன்ற கால்களோடு ஒரு நாரைதான் நின்றது என்கிறாள் அவள். நாரையின் கண் மீன் மேல். அது சாட்சிக்கு வராது. நமக்குக் கிடைப்பது அவளுடைய சொல் ஒன்றுதான், அந்தச் சொல்லில் இருக்கும் அச்சம்தான் பாட்டு. 'தலைவன் உண்மையிலேயே வாக்குக் கொடுத்திருந்தான்' என்று மேலே இருந்து ஒரு குரல் உறுதி சொல்லியிருந்தால் அந்தப் பாட்டில் மிஞ்சுவதற்கு ஒன்றுமே இருந்திருக்காது.

'நான்' எளிது என்ற கருத்துக்கு வருகிறேன். தொடங்குவதற்கு அது எளிது என்பதை மறுக்கவில்லை. தமிழின் முதல் நாவலாகச் சொல்லப்படும் பிரதாப முதலியார் சரித்திரமே, 1879இல் வெளிவந்தபோது, கதாநாயகன் தன் கதையைத் தானே சொல்வதாகத்தான் வந்தது. ஆனால் தொடங்கிய பின் அந்த 'நான்' எழுதுகிறவரின் கைகளைக் கட்டிப்போடும். இருந்த இடத்தில் நடந்ததைத்தான் அவன் சொல்ல முடியும். மற்றவற்றை யாராவது அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதற்கு 1915இல் வ.வே.சு. ஐயர் எழுதிய 'குளத்தங்கரை அரசமரம்' கதையே போதும். அங்கே கதை சொல்வது ஒரு மரம். அதனால் ஓர் அடி நகர முடியாது; ஊருக்குள் வீடுகளில் நடப்பவை குளத்தங்கரைக்கு வருகிறவர்களின் பேச்சாகத்தான் அதன் நிழலை வந்தடையும். கதைநாயகி ருக்மிணியைக் காப்பாற்ற ஒரு கிளையைக்கூட நீட்ட முடியாத ஒன்றின் வாயால் கேட்பதால்தான், வேறு யார் சொன்னாலும் வெறும் செய்தியாகப் போயிருக்கக்கூடிய ஒரு முடிவு நம்மை அப்படி அசைக்கிறது. நகர முடியாமை அந்தக் கதைசொல்லியின் குறை இல்லை. ஆசிரியர் அதைத் தேர்ந்தெடுத்ததற்கே அதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்று வருகிற கதைகளில் பல 'நான்'கள் சுவர்களுக்குள் புகுந்து புறப்படுகிறார்கள். அடுத்த அறையில் கதவடைத்துக்கொண்டு இருவர் பேசியதைச் சொல்லுக்குச் சொல் ஒப்பிக்கிறார்கள். எப்படித் தெரியும் என்று கேட்டால் பதில் இல்லை. 'என் அழகிய விழிகள் கலங்கின' என்று எழுதுகிற 'நான்' ஒருத்தியை அடிக்கடி சந்திக்கிறேன். தன் விழிகளை எதிரே நின்று பார்ப்பவள் அவள் இல்லை என்பது எழுதுகிறவருக்கு உறைக்கவே இல்லை.

இதைவிட நுட்பமான சிக்கல், ஒரே 'நான்' என்ற சொல்லுக்குள் இரண்டு ஆட்கள் இருப்பது. நாற்பது வயதில் ஒருவன் தன் எட்டு வயதுக் கதையைச் சொன்னால், பார்க்கிறவன் எட்டு வயதுப் பையன், சொல்கிறவன் நாற்பது வயது மனிதன். 'அப்பா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். எனக்கு எட்டாத மேல்தாழ்ப்பாளை அவரே எடுத்துவிட்டார்' என்பதில் பையன் மட்டும் இருக்கிறான். 'அது அவர் அந்தத் தாழ்ப்பாளைத் தொட்ட கடைசி நாள்' என்று சேர்த்த உடனே பெரியவன் உள்ளே வந்துவிட்டான். இரண்டும் நல்ல வாக்கியங்களே. எந்த இடத்தில் எவன் பேசுகிறான் என்பது எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். 'அப்போது எனக்குத் தெரியாது' என்ற தொடரை வைத்து ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் திகிலைக் கூட்டப் பார்க்கும் வழக்கம் இப்போது பெருகிவிட்டது. ஒரு கதையில் ஒரு முறை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஐந்தாம் முறை வரும்போது, கதையில் இல்லாத பதற்றத்தைப் பின்னாளைய அறிவிலிருந்து கடன் வாங்குகிறார் என்பது வெளிச்சமாகிவிடுகிறது.

படர்க்கையில் எழுதினால் தப்பிவிடலாம் என்றும் சொல்ல முடியாது. உண்மையில் தமிழில்தான் படர்க்கை இன்னும் கூர்மையான ஆயுதம், ஏனென்றால் நம் வினைமுற்று நடுநிலையாக இருக்க மறுக்கிறது. ஒரு பாத்திரம் அறைக்குள் நுழைந்தது என்று எழுதுவதற்கு முன்பே 'வந்தான்' என்றா 'வந்தார்' என்றா என்பதை முடிவு செய்தாக வேண்டும். அந்த விகுதியிலேயே சொல்கிறவர் அந்த ஆளுக்கு எவ்வளவு தொலைவில், எவ்வளவு உயரத்தில் நிற்கிறார் என்பது பதிவாகிவிடுகிறது. மகளின் பக்கத்தில் நின்று சொல்லும் கதையில் 'அப்பா வந்தார்' என்று பதினெட்டுப் பக்கம் எழுதிவிட்டு, பத்தொன்பதாம் பக்கத்தில் 'வேதாசலம் வந்தான்' என்று எழுதினால், ஒன்று மகள் மாறியிருக்க வேண்டும், அல்லது ஆசிரியர் அயர்ந்திருக்க வேண்டும். முதலாவதாக இருந்தால், முழுக்கதையையும் அந்த 'ஆன்' விகுதி ஒன்றே தாங்கக்கூடும். 'வா', 'போ' என்ற இரண்டு வினைகளும் அப்படித்தான். சொல்கிறவர் கதவுக்கு எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். 'வந்தானாம்' என்பதன் 'ஆம்', இது நேரில் கண்டதல்ல, காதில் விழுந்தது என்று கையெழுத்துப் போடுகிறது. யாருடைய மனத்தோடு நாம் போகிறோமோ அவனை 'இவன்' என்றும் மற்றவனை 'அவன்' என்றும் குறிக்கும் வழக்கமும் தற்காலச் சிறுகதையில் உண்டு. இத்தனை கருவிகளை மொழியே கையில் கொடுத்திருக்கிறது. அவற்றைத் தெரிந்து எடுக்காவிட்டால், தெரியாமல் எடுத்துக் கையை அறுத்துக்கொள்வோம்.

நான் அடிக்கடி காணும் வகையைச் சேர்ந்த ஒரு பத்தியை, எடுத்துக்காட்டுக்காக நானே புனைந்து கீழே தருகிறேன்.

'மாலதி கதவைத் திறந்தாள். வாசலில் ரகுநாதன் நின்றிருந்தான். அவளுடைய முகம் வெளிறியது. இவள் கொஞ்சமும் மாறவில்லை என்று ரகுநாதன் எண்ணினான். அவன் உள்ளே போனான். சமையலறையில் இருந்த அம்மாவுக்கு அந்தக் குரலைக் கேட்டதும் பகீரென்றது.'

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆறு வாக்கியங்களும் தெளிவானவை. ஆனால் முதல் இரண்டு வாக்கியங்களில் மாலதியின் கண்ணோடு வாசலைப் பார்த்த நாம், மூன்றாவதில் அவளுக்கு எதிரே போய் நின்று அவள் முகத்தைப் பார்க்கிறோம். நான்காவதில் ரகுநாதனின் மனத்துக்குள் இருக்கிறோம். ஐந்தாவதில், 'போனான்' என்று சொன்னதால், அவன் உள்ளே சென்றுவிட நாம் தெருவில் தனியாக விடப்படுகிறோம். ஆறாவதில் சமையலறையில் இருக்கும் பெண்ணின் நெஞ்சுக்குள் புகுந்துவிட்டோம். ஆனால் அவளை 'அம்மா' என்று அழைப்பது மாலதி. (அந்தக் குரல் எப்போது எழுந்தது என்பதும் தெரியவில்லை, ரகுநாதன் இதுவரை வாயே திறக்கவில்லை.) பழங்கதைச் சித்தர்கள் கூடுவிட்டுக் கூடு பாய்ந்தார்கள் என்றால் அதற்கு ஒரு காரியம் இருந்தது, இங்கே பாய்வதற்குக் காரியம் எதுவும் இல்லை. வாசகர் இதைப் பிழை என்று சுட்டிக்காட்ட மாட்டார். அவருக்கு யாரோடும் ஒட்டாமல் போகும், ஏன் ஒட்டவில்லை என்பது தெரியாமலே பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

அதையே மாலதியை விட்டு நகராமல் எழுதிப் பார்க்கலாம்.

'மாலதி கதவைத் திறந்தாள். ரகுநாதன் நின்றிருந்தான். தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்க அவளுக்குத் தோன்றவில்லை. அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்படியேதான் இருக்கே" என்றபடி அவன் உள்ளே வந்தான். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அம்மாவுக்குக் கேட்டிருக்கும்.'

எதுவும் இழக்கப்படவில்லை. வெளிறிய முகத்துக்குப் பதில் தாழ்ப்பாளில் உறைந்த கை, எண்ணத்துக்குப் பதில் பேச்சு, அம்மாவின் நெஞ்சுக்குப் பதில் நின்றுபோன சத்தம். கடைசி வாக்கியத்தைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். 'அம்மாவுக்குக் கேட்டிருக்கும் என்று மாலதி நினைத்தாள்' என்று எழுதியிருக்கலாம். 'என்று நினைத்தாள்' என்ற கொக்கியைக் கழற்றிவிட்டதால், அது கதைசொல்லியின் வாக்கியமாகவும் மாலதியின் எண்ணமாகவும் ஒரே நேரத்தில் ஒலிக்கிறது. படர்க்கையில் இருந்துகொண்டே தன்மையின் நெருக்கத்தைப் பெறும் வழி இது. 'நான்' என்று எழுதினால்தான் பாத்திரத்தின் மனத்துக்குள் போக முடியும் என்று நினைக்கிறவர்கள் இந்த ஒரு நுட்பத்தைப் பழகிப் பார்க்க வேண்டும்.

இந்தக் கொக்கியைக் கழற்றியதன் விளைவு ஒருமுறை நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பிரெஞ்சு நாவலாசிரியர் ஃப்ளோபேர் 'மதாம் பொவாரி' நாவலுக்காக 1857இல் பாரிசில் ஒழுக்கக்கேட்டைப் பரப்பியதாக வழக்கைச் சந்தித்தார். கணவனுக்குத் தெரியாமல் வேறொருவனை நேசிக்கும் எம்மாவின் பூரிப்பு, 'என்று அவள் எண்ணினாள்' போன்ற அடையாளம் இல்லாமல் கதைசொல்லியின் நடையிலேயே கரைந்து வந்ததால், அதை ஆசிரியரே போற்றுவதாக அரசுத் தரப்பு வழக்கறிஞர் வாசித்தார். இந்த நூலுக்குள் அந்தப் பெண்ணைக் கண்டிக்கத் தகுதியுள்ள பாத்திரம் ஒன்றுகூட இல்லை என்பதும் அவருடைய வாதம். அந்த இரண்டாவது வாதத்தில் அவர் கூர்மையான வாசகராகவே இருந்தார் என்பேன். தீர்ப்புச் சொல்லும் கதைசொல்லியை ஃப்ளோபேர் வேண்டுமென்றே வெளியேற்றியிருந்தார். வழக்கில் விடுதலை கிடைத்தது. ஆனால் பாத்திரத்தின் எண்ணத்தை ஆசிரியரின் கொள்கையாக வாசிக்கும் பழக்கம் இன்னும் விடுதலை பெறவில்லை. தங்கள் நாளிதழுக்கு வரும் கடிதங்களிலேயே அதைக் காணலாம்.

யார் பார்க்கிறார், யார் பேசுகிறார் என்ற இரண்டையும் பிரித்துக் கேட்க வேண்டும் என்று 1972இல் பிரெஞ்சு இலக்கியக் கோட்பாட்டாளர் ழெரார் ழெனெத் வலியுறுத்தியது இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். குழந்தையை மையமாக வைத்த கதைகளில் இந்தப் பிரிவினை உடனே பயன்படும். ஐந்து வயதுக் குழந்தையின் பார்வையில் எழுத வேண்டும் என்றால் ஐந்து வயதுச் சொற்களில்தான் எழுத வேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டு மழலையில் பத்துப் பக்கம் நிரப்புகிறார்கள். 1897இல் பெற்றோரின் மணமுறிவுக்கு இடையில் சிக்கிய ஒரு சிறுமியைப் பற்றி நாவல் எழுதிய ஹென்றி ஜேம்ஸ், குழந்தைகள் உணர்வதைச் சொல்ல அவர்களிடம் சொற்கள் போதாது என்பதை உணர்ந்து, கண்களைச் சிறுமியிடமும் மொழியைத் தன்னிடமும் வைத்துக்கொண்டார். நமக்கும் அது ஒத்துவரும். குழந்தை பார்க்காத எதையும் சொல்லக்கூடாது, குழந்தைக்குப் புரியாத எதையும் விளக்கக்கூடாது. ஆனால் வாக்கியம் பெரியவருடையதாக இருக்கலாம். இதற்கு நேர்மாறாக, அந்தக் குழந்தையே 'நான்' என்று சொன்னால், 'வாழ்வின் நிலையாமை' போன்ற தொடர்கள் வாயில் வரக் கூடாது.

எல்லாம் அறிந்த கதைசொல்லியின் காலம் முடிந்துவிட்டது என்ற தீர்ப்பை நான் ஏற்கவில்லை. மேலே காட்டிய கூடுவிட்டுக் கூடு பாய்தலை அந்தக் கதைசொல்லியின் முறை என்று தவறாக எண்ணுவதால்தான் அவருக்கு இந்தக் கெட்ட பெயர். எல்லாம் அறிந்தவர் என்பவர் பாத்திரங்களில் ஒருவராக இல்லாவிட்டாலும் கதையில் ஓர் ஆள். அவருக்கென்று குரல், குணம், கிண்டல், பொறுமை எல்லாம் உண்டு. அவர் ஒருவர் மனத்திலிருந்து இன்னொருவர் மனத்துக்குப் போவதற்கு முன் சற்று விலகி நிற்பார், முழு அறையையும் ஒருமுறை பார்ப்பார், பிறகு போவார். மூன்று தலைமுறையின் கதையை, ஓர் ஊரே சேர்ந்து செய்த குற்றத்தை, யாருக்கும் முழுதாகத் தெரியாத ஒரு பஞ்சத்தை வேறு எந்த வழியில் சொல்வது? முதல் பக்கத்திலேயே எந்தப் பாத்திரத்துக்கும் சொந்தமில்லாத ஒரு குரல் கேட்கிறதா என்று பார்த்தால் போதும். கேட்டால் அவர் எங்கு வேண்டுமானாலும் போகலாம். கேட்காமல், பதினைந்தாம் பக்கத்தில் வசதிக்காகத் திடீரென்று முளைத்தால் அவர் ஏமாற்றுக்காரர்.

ஏமாற்று என்றதும் இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. ஒருவனுடைய மனத்துக்குள்ளேயே நம்மை வைத்திருந்துவிட்டு, அவன் கதை முழுவதும் நினைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டிய ஒன்றைக் கடைசி வரி வரை மறைத்து, அதைத் திருப்பம் என்று நீட்டுவது இன்றைய சிறுகதைகளில் பெருநோய். கதைசொல்லி மறைக்கக்கூடாது என்பது விதி இல்லை. 1926இல் அகதா கிறிஸ்டி எழுதிய ஒரு துப்பறியும் நாவலில் (படிக்காதவர்களுக்குச் சுவை கெடாமல் இருக்கப் பெயரை விட்டுவிடுகிறேன்) 'நான்' மிகப் பெரிய ஒன்றை மறைக்கிறான். ஆனால் அவன் எழுதி வைக்கிற ஒருவன். மறைப்பதற்கு அவனுக்குக் காரணம் உண்டு. திரும்பிப் போய்ப் படித்தால், மறைத்த இடத்தின் இடைவெளி வாக்கியத்திலேயே தெரியும். அமெரிக்க இலக்கிய விமர்சகர் வேய்ன் பூத் 1961இல் நம்பகமற்ற கதைசொல்லி என்று பெயரிட்ட வகை இது. அங்கே மறைப்பது பாத்திரம். நான் குறைசொல்கிற கதைகளில் மறைப்பது ஆசிரியர், பாத்திரத்துக்கு அதில் பங்கே இல்லை.

பல குரல்களில் சொல்வதைப் பற்றி ஒன்று மட்டும். ஜப்பானிய எழுத்தாளர் அகுதாகவா 1922இல் எழுதிய 'தோப்பில்' என்ற சிறுகதையில் ஒரு சாவைப் பற்றி ஏழு வாக்குமூலங்கள் வருகின்றன. அவை வேறுபடுவதற்கு ஒரு காரணம், ஒவ்வொருவரும் கேட்கிறவருக்கு ஏற்பப் பேசுவது: சிலர் விசாரணை அதிகாரியின் முன், ஒருத்தி கோயிலில் தன் பாவத்தை ஒப்புக்கொண்டு, இறந்தவனோ ஆவியாக ஒரு பூசாரிணியின் வாய்வழியே. நம்மிடம் வருகிற பலகுரல் கதைகளில் அத்தியாயத் தலைப்பாக உள்ள பெயரைக் கையால் மூடிவிட்டால் யார் பேசுகிறார் என்பதே தெரிவதில்லை. முன்னிலையில், 'நீ' என்றோ 'நீங்கள்' என்றோ அழைத்து எழுதும் முறையும் உண்டு. பிரெஞ்சு நாவலாசிரியர் மிஷெல் புதோர் 1957இல் ஒரு முழு நாவலையே அப்படி எழுதினார். தமிழில் அதற்குத் துணிகிறவர் 'நீ'யா 'நீங்கள்'ளா என்பதை முதலில் முடிவு செய்யட்டும். இரண்டும் வெவ்வேறு கதைகள்.

தேர்வு செய்வது எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கதையின் முக்கிய நிகழ்ச்சி எது என்பதை எழுதி வையுங்கள். நீங்கள் நினைத்திருக்கும் ஆள் அப்போது அங்கே இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால், அந்த ஒரு காட்சியை மட்டும் அங்கிருக்கும் இன்னொருவர் பக்கத்திலிருந்தும் எழுதிப் பாருங்கள். எதில் வாக்கியங்கள் தாமாக வந்தன என்பது கைக்குத் தெரியும். இல்லாவிட்டால், ஆளை மாற்ற வேண்டும். அல்லது, அந்த நிகழ்ச்சி அவருக்கு எப்படித் தெரிய வந்தது என்பதே உங்கள் கதை என்று ஏற்றுக்கொண்டு, அதை எழுத வேண்டும். பல நேரங்களில் இரண்டாவது வழியில்தான் நல்ல கதை கிடைக்கிறது, ஆனால் எழுதுகிறவர்கள் இரண்டையும் விட்டுவிட்டு அவரை எப்படியாவது கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்து ஒட்டுக்கேட்க வைக்கிறார்கள்.

கட்டுரைத் தொடர் இன்னும் சில வாரங்கள் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் நோக்குநிலைக்கு ஒரு வாரத்தை முழுதாக ஒதுக்கி, அறிவுரைகளைக் குறைத்து, ஒரே காட்சியை இரண்டு மூன்று பேர் பக்கத்திலிருந்து எழுதி அருகருகே வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வாசகர்களிடமிருந்தே அவற்றை வரவழைக்கலாம். தேர்ந்தெடுப்பதில் உதவி தேவைப்பட்டால் செய்யக் காத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்